தென்காசிக்குக் காரில் கிளம்பும் நண்பனுக்கு

நாமக்கல்,
மே 12

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். டயர் பட்டறையை முழுக்கப் பெரியவனிடம் விட்டுவிட்டேன். காலையில் ஒரு நடை போய், புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங்குக்கு வந்த தேய்ந்த டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். ஆனாலும் லாரிக்காரர்கள் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். நம் விடுதித் தோழன் ராமலிங்கத்தின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும்.

மகள் கொடுத்த காரில் நீயும் தங்கச்சியும் சாரல் பார்க்கத் தாம்பரத்திலிருந்து தென்காசி போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வேன், எனக்கு பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாதே" என்று கேட்டிருக்கிறாய். அதற்காகக் கவலைப்படாதே. இந்தக் காலத்துக் கார்களில் பானெட்டுக்குள் நாம் கைவைக்க அதிகம் இல்லை. வண்டி பழுதானதால் உயிர்போனவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பழுதான வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது அடிபட்டவர்களைப் பற்றி லாரி டிரைவர்கள் வாயால் காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஆகவே எங்கே நிறுத்துவது, யார் எங்கே நிற்பது என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

போன தை மாதம் திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும்போது, பாடாலூர் தாண்டி ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. பொழுது சாய்ந்த நேரம். இடதுபக்கச் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருந்தன, மீதி வண்டி ரோட்டின் மேல். பஞ்சர் ஆனது வலது பின் டயர். வண்டிக்காரர், வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாட்டியும் ஒரு சின்னப் பெண்ணும் டிக்கியில் சாய்ந்து நின்றார்கள். அந்தக் குழந்தையின் பட்டுப்பாவாடை வலது பின்விளக்கை முழுசாக மறைத்திருந்தது. பையன் ரோட்டைக் கடந்து போய், நடுவிலிருக்கும் அரளிச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் வண்டியை முன்னால் கொண்டுபோய் மண் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஓடிவந்தேன்.

முதலில் பாட்டியையும் குழந்தையையும் ரோட்டோரத் தகட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். பையனை இடைவெளி பார்த்து வரச்சொன்னோம். பிறகு அவரிடம், "நட்டை இறுக்கிவிட்டு, மெதுவாக உருட்டி அந்தப் பெட்ரோல் பங்க் வாசலுக்குப் போங்கள்" என்றேன். "ரிம் வளைஞ்சிடுமே சார்" என்றார். டயரிலேயே பிழைத்தவன் நான், உனக்கும் அதையேதான் சொல்கிறேன்: டயர் கிழிந்தால் கிழியட்டும், ரிம் வளைந்தால் வளையட்டும். காற்றில்லாத டயரோடு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து சில நூறு மீட்டர் போய்விடலாம். வெளிச்சமான, அகலமான இடம் கிடைக்கும்வரை போ. வளைவிலும், மேட்டின் மறுபக்கத்திலும், பாலத்தின் மேலும் நிறுத்தாதே.

நிறுத்தியதும் சிவப்பு முக்கோணம் போட்ட பட்டனை அழுத்து, நான்கு இண்டிகேட்டரும் மின்னும். ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பி வை. உன்னுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் கியரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு ஹேண்ட் பிரேக்கையும் போடு. இருவரும் இடது கதவு வழியாகவே இறங்குங்கள். நீ வலதுபக்கம் உட்கார்ந்திருந்தாலும் தாண்டி வந்து இறங்கு. முட்டி வலித்தாலும் பரவாயில்லை. இறங்கியதும் தகட்டு வேலிக்கு அப்பால், வண்டிக்குச் சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள். யாராவது வந்து மோதினால் உன் கார் முன்பக்கமாகத்தான் தள்ளப்படும். வண்டிக்கு முன்னால் நிழலில் உட்காருவது அதனால்தான் தப்பு. ஒருவேளை நடு வழித்தடத்திலேயே நின்று, நகரவும் முடியாமல், இறங்கவும் இடைவெளி இல்லாமல் போனால், பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து 112-ஐ அழை.

வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணம் உன் டிக்கியில் எங்கோ இருக்கும். பாடாலூரில் அது ஸ்டெப்னிக்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நீ இன்றைக்கே எடுத்து விரித்துப் பழகு. அதை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறான். முக்கோணம் 50 மீட்டரில் இருந்தால் அவனுக்கு 2 வினாடிகூடக் கிடைக்காது. நான்குவழிச் சாலையில் 100 மீட்டருக்குக் குறையாதே. முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, ரோட்டை விட்டு இறங்கி ஓரமாக நட. நடக்க ஓரமே இல்லை என்றால் விட்டுவிடு. அதற்காக உயிரைப் பணயம் வைக்காதே.

விளக்கு மின்னுகிறதே, முக்கோணம் எதற்கு என்று தோன்றும். எங்கள் ஊர் டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு அசந்து வருகிறவனுக்கு முன்னால் தெரியும் சிவப்பு விளக்கு ஓடுகிற வண்டியா, நிற்கிற வண்டியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஓடுகிற வண்டி என்றே நினைத்துப் பின்னாலேயே வருவான். சரக்கேற்றிய லாரி பிரேக் பிடித்த உடனே நிற்காது. வண்டி நிற்கிறது என்பதை முக்கோணம்தான் அவனுக்கு முன்கூட்டியே சொல்லும். மரக்கிளை, கல் வைப்பது நம் ஊர் வழக்கம். கிளை பரவாயில்லை. ஆனால் கல்லை வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்துப் பைக்கில் வருகிற பிள்ளை அதில் ஏறி விழுகிறான். இதற்காக என்னிடம் வருகிற டிரைவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பத்திரமாக நின்ற பிறகு போனை எடு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண் இரவு பகல் எந்நேரமும் வேலை செய்யும். சுங்கச்சாவடிகளில் ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் வைத்திருக்கிறார்கள், அவற்றின் எண்கள் அங்கே போர்டில் எழுதியிருக்கும். முன்பெல்லாம் பணம் கட்டி நிற்கும்போது அதைப் படிக்க நேரம் இருந்தது. ஃபாஸ்டேக் வந்த பிறகு யாரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. தங்கச்சியிடம் சொல்லிக் கடைசியாகக் கடந்த சாவடியின் பெயரைக் குறித்துவைக்கச் சொல்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாக வரும். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொன்னால் உன்னைத் தேடி வருகிறவருக்கு வேலை சுலபம். நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல்லும் இருக்கும். கிரேன் வந்தால், "ஆட்டோமேட்டிக், முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரிதான் வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல். சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸ் போய்விடும். பேட்டரி இறங்கினாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முயலாதே, ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. உன் இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் வை.

டயர் மாற்றுவதை நம் வயதில் பிறரிடம் விடுவதே நல்லது. ஆனால் மாற்றுகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். மாற்றும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்காமல், கதவுக்கு அடியில் தகட்டில் வெட்டுக் குறி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மண்ணில் ஜாக்கி புதையும், அதனால் ஒரு சாண் பலகைத் துண்டு டிக்கியில் கிடக்கட்டும். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். உடம்பில் எந்தப் பாகமும் அடியில் போகக் கூடாது. நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல், ஒன்று விட்டு எதிரெதிராக இறுக்க வேண்டும். ஸ்டெப்னி மற்ற டயர்களை விட ஒல்லியாக இருந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே, அடுத்த ஊரில் பஞ்சரை ஒட்டிவிடு.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கடையில் காற்று கன் வைத்து நட்டை இறுக்கிவிடுகிறார்கள். நடுவழியில் வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரால் அதை அசைக்கக்கூட முடியாது. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு நட்டைத் தளர்த்திப் பார். வரவில்லை என்றால் கடைக்குப் போய்க் கையால் இறுக்கித் தரச் சொல். நான்கு முனை ஸ்பேனர் ஒன்றும் வாங்கிக்கொள்.

டயர் வெடிப்பதற்கு வெயிலைக் குற்றம் சொல்வார்கள். 'காற்று விரிந்து வெடித்துவிடும்' என்று கோடையில் காற்றைக் குறைக்கிறவர்களும் உண்டு. பட்டறையில் கிழிந்து வந்த டயர்களின் உள்புறத்தைத் தடவிப் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன், பெரும்பாலும் காற்று குறைவாக இருந்ததுதான் காரணம். குறைந்த காற்றில் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. உள்ளே ரப்பர் தூளாக உதிர்ந்து கிடக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கிறது. காலையில் வண்டி ஓடாமல் இருக்கும்போது அந்த அளவுக்குப் பிடி. ஸ்டெப்னியையும் விடாதே, அதில்தான் பலருக்கும் காற்றே இருக்காது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கார் குறைவாகவே ஓடியது என்று மகள் சொன்னாள் என்கிறாய். டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேல்பட்டை) தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயசாகும், ஆகவே அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எழுது. ஓடும்போதே வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதே. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடு. வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டு.

எஞ்சின் சூட்டு முள் சிவப்புக்குப் போனாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ ஏசியை அணைத்து, நிறுத்தி, எஞ்சினை ஆஃப் செய். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதே. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். வெந்த முகத்தோடு வந்த கிளீனர் பையன்களைப் பார்த்தவன் நான். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறட்டும். தொட்டுச் சூடில்லை என்று தெரிந்த பிறகே மற்றதெல்லாம்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்காதே, குறைந்த கியரில் இறங்கு. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கியவர்களின் கதையெல்லாம் எங்கள் ஊருக்கு ஈமச் செய்தியாகத்தான் வந்திருக்கிறது. நீ தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவே மழைக்காலத்தில் நடமாடுகிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீருக்குள் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அந்த ஒரு சாவித் திருகலில் எஞ்சினே உடைந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பைக்கில் வந்து "சக்கரம் ஆடுது", "ஆயில் ஒழுகுது" என்று கை காட்டினால் அங்கேயே நிறுத்தாதே. வண்டியில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அடுத்த பங்குக்குப் போய்ப் பார். அதே சமயம், வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் பயந்து ஒதுங்காதே. உன் வண்டியைப் பத்திரமாக நிறுத்தி 108-க்குச் சொல். ரத்தம் வரும் இடத்தில் துணியை மடித்து அழுத்திப் பிடி. தண்ணீர் கொடுக்காதே, இழுத்துத் தூக்காதே. உதவியவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கிறது. இந்த இரண்டும் தெரியாததால் இன்னும் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகிறார்கள். அது எனக்கு ஆறவே இல்லை.

ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எதிர்விளக்கு கூசும். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு கிளம்பு, விடிந்த பிறகு ஓட்டு, இருட்டுவதற்குள் ஊர் சேர். திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் பக்கம் ரோடு ஒடுங்கும் இடங்களில் எதிர்விளக்கு நேரே முகத்தில் அடிக்கும். ஒரே நாளில் போய்ச் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லையே, திருச்சியில் தங்கிவிடு.

தேதி முடிவானதும் எழுது. அன்றைக்கு நான் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வந்துவிடுகிறேன். மலைக்கோட்டைக்குப் போகலாம், உன் வண்டி டயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகைத் துண்டும் டார்ச்சும் கொண்டுவருகிறேன், நீ வாங்க வேண்டாம். தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் பிரியமுள்ள,
கந்தசாமி