விசாரிக்க வருகிறவர்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்ற மத்தேயு 25:36 வசனம் சபைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. ஆனால் நோயாளி வீட்டுக்குப் போவது என்றாலே பத்து நிமிடம் உட்கார்ந்து, நலம் கேட்டு, ஜெபித்துவிட்டு எழுந்துவிடுவது என்றாகிவிட்டது. இன்றைய பேச்சில் விசாரிப்பது என்றால் கேட்பதுதானே! பழைய வேதத் தமிழில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்துக்குக் கொண்டுவந்த நல்ல சமாரியன், சத்திரக்காரனிடம் ‘நீ இவனை விசாரித்துக்கொள்’ என்று சொல்லி இரண்டு பணம் கொடுக்கிறான். மத்தேயு 20-இல் ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்போஸ்தலர் 6-இல் வரும் ‘அன்றாட விசாரணை’ என்பது விதவைகளுக்குத் தினமும் போய்ச் சேரவேண்டிய சாப்பாடு. அதில் குறை வந்தபோது ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள்.

படுத்த படுக்கையான ஒருவரை அந்தக் கனத்தோடு விசாரிப்பதென்றால், முதல் வேலை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுக்க ஒருக்களித்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பின் மேல் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தாலே போதும். கெண்டைக்காலின் கீழ் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். இடையில் சிறு இரத்தக்குழாய்கள் திருகிக்கொள்ளும். அடியில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு பேர் அதோடு சேர்த்துத் தூக்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும். அந்த இடம் மட்டும் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். நல்ல எண்ணத்தில் அங்கே எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுபவர்கள் உண்டு. தேய்த்தால் நலிந்த திசு இன்னும் சிதையும்.

சாப்பாடு ஊட்டும்போது கூடியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, அரைக் கரண்டியாகக் கொடுத்து, விழுங்கினாரா என்று பார்த்த பிறகு அடுத்தது. முடிந்த பின் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. பார்க்கப் போகிறவர்கள் செய்கிற பிழை ஒன்று இங்கே உண்டு. வாயில் சோறு இருக்கும்போது, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்ல முயலும்போது உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். நிமோனியா அப்படியும் வரும்.

இவ்வளவையும் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர் செய்கிறார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறவர் இரவில் 2 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கமுடியாது. அவரைச் சபை ‘தியாகி’ என்கிறது, ‘கர்த்தர் பெலன் தருவார்’ என்று தேற்றுகிறது. இந்தப் பாராட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்ள வசதியாகிவிடுகிறது என்றே சொல்வேன். சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டதும் மறுபடி தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). சமாரியனும் மறுநாள் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான், திரும்பி வருவதாகச் சொல்லி. பொறுப்பைக் கைமாற்றிக் கொடுப்பதை அன்புக் குறைவாக அந்த உவமை எண்ணவில்லை.

“ஏதாவது தேவையென்றால் கூப்பிடுங்கள்” என்பதில் பயனில்லை, கூப்பிடமாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை 3 மணிக்கு வருகிறேன், 5 வரை இருப்பேன், நீங்கள் தூங்குங்கள்” என்று சொல்லவேண்டும். எட்டுப் பேர் வாரத்துக்கு ஆளுக்கு 2 மணி நேரம் கொடுத்தால் 16 மணி நேரம் கிடைக்கும். முதல் வாரம் இருபது பேர் திரண்டு மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லாமல் போவதைவிட இந்த எட்டுப் பேர் மேல். அவரவர் கிழமை மாறாதிருந்தால் நோயாளிக்கும் கை பழகும். உடம்பு துடைத்து உடை மாற்ற ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் போகட்டும். புதியவர் முதல் இரண்டு முறை வீட்டாரோடு நின்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவர் தனியாக ஊட்டக் கூடாது.

சபைகளின் ஜெபக்குறிப்புத் தாளில் நோயாளியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவருடைய சம்மதத்தோடு அதன் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: யார், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. இரவு நேரத்துக்கான கட்டத்தை முதலில் நிரப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்