எந்தக் கலோரி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உணவுக் கட்டுரைகளில் கிலோகலோரியை வெறும் 'கலோரி' என்று எழுதும் வழக்கம், வேதியியல் பயிலத் தொடங்கும் மாணவர்களை ஆயிரம் மடங்கு பிழைக்கு இட்டுச் செல்கிறது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கலோரி, அதாவது ஏறத்தாழ 4.18 ஜூல். வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமீட்டரில், ஆக்சிஜன் நிரப்பிய மூடிய எஃகுக் கலத்துக்குள் எரிந்து 40 கிலோகலோரி வெளிவிடும் ஒரு பிஸ்கட், அவ்வெப்பம் முழுவதையும் சுற்றியுள்ள ஒரு லிட்டர் நீரே ஏற்றுக்கொண்டால் (கலமும் சிறிது ஏற்கும், ஆய்வகத்தில் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள்), அந்நீரின் வெப்பநிலையைச் சுமார் 40 டிகிரி உயர்த்தும். வெறும் 40 கலோரி உயர்த்துவதோ 0.04 டிகிரிதான். தங்கள் நாளிதழ் இனி 'கிலோகலோரி' என்றே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மதுரை.