ஆசிரியரின் ஓய்வுப் பாடவேளை: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள், அரசு உதவிபெறும் பள்ளிகள், தனியார் பள்ளிகள் எல்லாவற்றிலும் தலைமைப் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு, உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருத்தி எழுதும் மடல் இது. உங்கள் கையெழுத்தில் வெளியாகும் கால அட்டவணையில் ஆசிரியருக்கென ஒதுக்கப்படும் ஓய்வுப் பாடவேளையை அவருக்கே விட்டுத் தாருங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அந்த நேரம் ஏன் தேவைப்படுகிறது, அதில் எத்தகைய ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஆசிரியர்களுக்கு மே மாதம் முழுக்க விடுமுறைதானே என்று ஊரில் சொல்வார்கள். கோடை விடுமுறையில் காலும் தொண்டையும் தேறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஐந்தாம் பாடவேளையில் வரும் அசதியை மே மாதத்து விடுமுறையால் முன்கூட்டியே தீர்த்துவைக்க முடியாது. ஒரு பாடவேளைக்குள் ஆசிரியர் எடுக்கும் முடிவுகளை எண்ணிப் பாருங்கள். யாருக்குப் புரியவில்லை, யார் தூங்கி வழிகிறான், இந்தக் கணக்கை மறுபடி போடலாமா, கடைசி இருக்கைச் சண்டையை இப்போதே தீர்ப்பதா, மணி அடித்த பிறகு பார்த்துக்கொள்வதா என்று மனம் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும், வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகக் கூடியது என்றும், மரம், வானம் போன்றவற்றில் முயற்சியின்றி மனம் லயிக்கும்போது அது மீள்கிறது என்றும் விளக்கியிருக்கிறார்கள். பள்ளி வளாகத்து வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரைக் கண்டு, வேலையின்றி இருக்கிறார் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

நடப்பில் அந்தப் பாடவேளை எப்படிக் கழிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசிரியர் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுண்ணாம்புத் தூள் படிந்த கையைக் கழுவிவிட்டு வந்து, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டில் முதல் நோட்டைப் பிரிக்கும்போதே அலுவலக உதவியாளர் ஒரு குறிப்பேட்டுடன் வாசலில் நிற்கிறார். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் இன்று விடுப்பு, நீங்கள் போக வேண்டும், இங்கே கையொப்பமிடுங்கள் என்கிறார். போனால், அங்கே பாடம் நடத்த ஆயத்தமும் இல்லை, பிள்ளைகளுக்கு அதை எதிர்பார்க்கும் மனநிலையும் இல்லை. நாற்பது பேரைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதே வேலையாகிவிடுகிறது. அதற்குள் கைப்பேசியில் உதவித்தொகை விவரம், வங்கிக் கணக்கு எண், இணையப் பதிவில் விடுபட்ட பெயர்கள் என்று செய்திகள் குவிகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வார வேலை நேரம் குறைந்தது 45 மணி என்று வகுக்கும்போதே பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்குமான அந்தச் சட்டத்தில் உள்ள நியாயம் மேல்வகுப்புகளுக்கும் பொருந்தும். வகுப்பறைக்கு வெளியே ஆசிரியர் செலவிடும் நேரமும் வேலை நேரமே.

தொண்டைக்கும் காதுக்கும் தேவைப்படுவது மௌனம். இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி நாள் முழுதும் பேசுபவருக்கு, யாரும் பேசாத ஓர் அறை கிடைத்தால் போதும். நூலகத்தில் ஒரு மூலையோ, பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு சிற்றறையோ இல்லாத பள்ளி அரிது; அதற்குச் செலவும் அதிகமாகாது.

மௌனத்தால் தீராத களைப்பும் ஒன்று உண்டு, அதைப் பற்றி நம் பள்ளிகளில் நாம் பேசுவதே இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழும் பிள்ளை, தந்தை குடித்துவிட்டு அடித்த தழும்பைக் கைக்குட்டையால் மறைக்கும் பிள்ளை, பத்தாம் வகுப்போடு திருமணம் பேசிவிட்டார்கள் என்று கழிப்பறை வாசலில் நின்று அழும் பிள்ளை, இவர்களெல்லாம் முதலில் தேடி வருவது வகுப்பாசிரியரைத்தான். கேட்டதை உள்ளே வைத்துக்கொண்டு அடுத்த மணிக்கு முகம் மாறாமல் திருக்குறள் நடத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பாரத்தை இறக்கி வைக்க இன்னொரு மனிதர் வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே பேசும் ஆய்வுக் கூட்டங்களுக்கு நடுவே, மாதம் ஒருமுறையாவது, பதிவேடு எதுவும் இல்லாமல், பிள்ளைகளின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு, ஆசிரியர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கூடவே இருந்து பார்ப்பீர்கள்.

மாலைக்குப் பிறகான நேரம் தனிச் சிக்கல். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு செய்திக்குப் பதில் எழுத இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆனால் செய்தி வரக்கூடும் என்று காத்திருக்கும் மனம் மாலை முழுவதும் பள்ளியிலேயேதான் இருக்கிறது. பிரான்சில் 2017 முதல், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் பணி நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர்களுடன் பேசி வழிமுறை வகுக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நியாயமான காரணம் இல்லாத பணி அழைப்புகளை ஊழியர் மறுக்கலாம். நமக்கு அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழை விடுமுறை, விபத்து போன்ற அவசரங்கள் தவிர மாலை ஆறு மணிக்கு மேல் குழுவில் எதுவும் பதிவிடப்படாது என்று ஒரு தலைமையாசிரியர் அறிவித்தால் அந்தப் பள்ளியில் அது நடந்துவிடும்.

உங்கள் நிலையும் எனக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்குள் அனுப்புக என்று மேலிருந்து வரும் சுற்றறிக்கைகள் உங்கள் மேசையில்தான் முதலில் இறங்குகின்றன. காலியிடங்கள் நிரப்பப்படாத பள்ளியில் விடுப்பெடுத்தவரின் வகுப்புக்கு யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். அதனால் முழுமையாக இயலாத ஒன்றை நான் கேட்கவில்லை. வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது, ஒவ்வோர் ஆசிரியரின் வாரத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்கப்படாத ஓய்வுப் பாடவேளைகள் இரண்டைக் கட்டம் கட்டிக் குறித்துவிடுங்கள். அவற்றில் ஒன்று உங்கள் பெயரிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்