உச்சித்தள உணவகங்களுக்கு அனுமதி தரும்போது பொதுமக்களுக்கும் ஒரு ஜன்னல் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நகரவாசி ஒருவர்,
இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள குடியிருப்பாளர்கள் சார்பில்.

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: உயர்மாடிக் கட்டடங்களின் உச்சித்தளத்தில் உணவகம் நடத்த அனுமதியும் உரிமமும் வழங்கும்போது, கட்டணமில்லாத பொதுப் பார்வை மாடம் ஒன்றை நிபந்தனையாகச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

உயரமான கட்டடம் ஒன்று எழுந்தால் அதன் உச்சியில் ஓர் உணவகம் வருவது இப்போது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, சுற்றிலும் ஊர், நடுவே விருந்து. அப்படிப்பட்ட உணவகங்கள் வரக்கூடாது என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. தாராளமாக வரட்டும். ஆனால் அந்த உயரத்துக்கு அனுமதி கொடுப்பது தங்கள் அலுவலகம். அங்கிருந்து தெரிவதோ இங்கே வாழும் எல்லோருடைய ஊர். ஆகவே, உச்சித்தள உணவகம் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், அங்கே சாப்பிடாதவர்களும் கட்டணமில்லாமல் ஏறிப் பார்க்க ஒரு பகுதி ஒதுக்கவேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையாகவே விதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்த உணவகங்கள் விற்பதில் பாதிதான் உணவு, மீதி ஜன்னல். மேசை பதிவு செய்யக் கூப்பிட்டவர் எவருக்கும் இது தெரியும். ஜன்னலோர மேசைக்குத் தனிக் கணக்கு, குறைந்தபட்ச பில், இத்தனை மணிக்குள் எழுந்துவிட வேண்டும் என்ற கெடு. சூரியன் மறையும் நேரத்து மேசைகள்தான் முதலில் தீரும். உள்வரிசையில் இடம் கிடைத்தவர் பார்ப்பது பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் முதுகை. சமையலறை லிஃப்ட்களோடு சேர்ந்து கட்டடத்தின் நடுப்பகுதியில் அமைந்துவிட்டால், அத்தனை உயரத்தில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு வெளியே மழையா வெயிலா என்பதுகூடத் தெரியாது.

ஜன்னல் எல்லோருக்கும் போதாது என்பது அந்தத் தொழிலுக்கே வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. சுழலும் உணவகங்கள் பிறந்ததே அதனால்தான். ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரக் கோபுரத்தில் 1959-லும், அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் 1962-லும் அப்படிப்பட்ட உணவகங்கள் வந்தன. டொரண்டோவின் சிஎன் கோபுரத்தில் 351 மீட்டர் உயரத்தில் இருக்கும் உணவகம் ஒரு சுற்றை முடிக்க 72 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நடுப்பகுதி அசையாமல் நிற்க, மேசைகள் உள்ள வெளிவட்டம் மட்டும் மெதுவாக நகரும். சாப்பாடு முடிவதற்குள் எல்லாத் திசையும் எல்லோருக்கும் வந்துவிடும். உள்ளே வந்த வாடிக்கையாளர்களுக்குள் காட்சியைப் பங்கிட ஒரு தளத்தையே சுழற்றத் துணிந்தவர்களிடம், வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு ஓரம் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை என்று நினைக்கிறோம்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று கோப்பைப் பார்க்கும் அலுவலருக்குத் தோன்றலாம். தரையில் நிற்கும் ஒருவருக்குத் தடையில்லாத சமவெளியிலும் அடிவானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். 150 மீட்டர் உயரத்தில் அதுவே ஏறக்குறைய 44 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு நகரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் எந்தப் பக்கம் சரிந்து ஓடுகிறது, எந்தப் பகுதியில் மரமே இல்லை, குப்பை எங்கே குவிகிறது என்பதையெல்லாம் ஒருவர் கால்மணி நேரத்தில் தன் கண்ணால் பார்த்துவிடலாம். தங்கள் அலுவலகம் வரைவுத் திட்ட வரைபடத்தை ஒட்டிவிட்டுக் கருத்துக் கேட்கும்போது பெரும்பாலோர் அதில் தங்கள் தெருவைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். ஊரை மேலிருந்து ஒருமுறை பார்த்தவருக்கு அந்த வரைபடம் கொஞ்சமாவது பிடிபடும்.

நகரத் திட்டமிடல் படித்தவர்களுக்கு இது புதிய கருத்தாக இருக்காது. நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பேட்ரிக் கெடஸ், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1892-ல் ஒரு பழைய கோபுரத்தை ஏற்று, அதை மக்கள் தங்கள் ஊரைப் படிக்கும் இடமாக மாற்றினார். வருபவர் முதலில் உச்சிக்கு ஏறவேண்டும். அங்கே ஊரைச் சுற்றிலும் பார்த்த பிறகு, ஒவ்வொரு மாடியாக இறங்கி அந்த ஊரைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் அறிந்துகொள்ளவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அப்புறம், கட்டடத்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். உயரமான கட்டடம் தன் நிழலைத் தன் மனைக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. மேலே மோதும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி நடைபாதையில் இறக்குகிறது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரிந்த வானத்தை மறைக்கிறது. இந்தச் சுமை அக்கம்பக்கத்துக்கு. அதே உயரத்தால் வரும் காட்சி மேசை பதிவு செய்தவருக்கு. இதில் ஒரு பங்காவது திரும்பி வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இப்படி ஒரு நிபந்தனை விதிக்க முடியுமா என்றால், விதித்திருக்கிறார்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் என்ற கட்டடம் மற்ற உயர்மாடிகளின் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்பது. அதை அங்கே கட்டலாமா என்பது பெரும் சர்ச்சையாகி, பொது விசாரணைவரை போனது. உச்சியில் பொதுமக்களுக்குத் தோட்டம் வரும் என்ற வாக்குறுதி, கடைசியில் அனுமதி கிடைத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2015 ஜனவரியில் அந்த ஸ்கை கார்டன் திறந்தது. கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் திறந்த உடனேயே புகார்களும் கிளம்பின. முன்பதிவு வேண்டும், விமான நிலையத்தைப் போலப் பரிசோதனை உண்டு, பொதுப் பூங்கா என்று சொன்ன இடத்தில் உணவகங்களும் மதுக்கூடமும் உட்கார்ந்திருக்கின்றன என்றார்கள். அங்கே போய் மகிழ்ந்து திரும்புபவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் கணிப்பில் அந்த ஏற்பாட்டின் கோளாறு எண்ணத்தில் இல்லை. படத்தில் காட்டிய தோட்டத்துக்கும் கதவு திறந்தபின் கிடைத்த இடத்துக்கும் நடுவே எதையெல்லாம் எழுதி வைத்திருக்கவேண்டுமோ அதை எழுதாததில் இருக்கிறது.

அதே நகரம் அதோடு விட்டுவிடவில்லை. அதே தெருவில் 120-ஆம் எண் கட்டடத்தின் மேல்தளத் தோட்டம் 2019-ல் திறந்தது. அங்கே முன்பதிவு கேட்பதில்லை. 22 பிஷப்ஸ்கேட் கட்டடத்தின் 58-ஆவது தளத்தில் 2023-ல் ஒரு பார்வை மாடம் வந்தது. அதற்கும் கட்டணம் கிடையாது.

நியூயார்க்கின் அனுபவம் கொஞ்சம் கசப்பானது, அதனாலேயே தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். அந்த நகரத்தின் 1961-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, பொதுமக்களுக்கு இடம் விடும் கட்டட உரிமையாளருக்குக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான இடங்கள் அப்படி உருவாயின. 2017-ல் நகரத் தணிக்கை அதிகாரியின் அலுவலகம் 333 இடங்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேலானவற்றில், அதாவது 182 இடங்களில், விதிப்படி இருக்கவேண்டிய வசதிகள் இல்லை. கூடுதல் தளப்பரப்பை வாங்கிக் கட்டியாகிவிட்டது. மக்களுக்குத் தருவதாகச் சொன்னது கைநழுவிவிட்டது. அனுமதி தரும் நாளில் இருக்கும் அக்கறை பத்து வருடம் கழித்தும் இருக்கவேண்டுமானால், அதைப் பார்க்க ஓர் அலுவலர் வேண்டும், மீறினால் அபராதமும் வேண்டும்.

அரசே செய்து காட்டிய இடமும் உண்டு. டோக்கியோ பெருநகர அரசின் தலைமை அலுவலகக் கட்டடத்தில், 202 மீட்டர் உயரத்தில், 45-ஆவது தளத்தில் பார்வை மாடங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஏறலாம், கட்டணம் கிடையாது. பார்வையாளர்கள் வாசிக்க ஒரு பியானோவைக்கூட வைத்திருக்கிறார்கள். பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்பதிவு செய்தால் இலவசமாக ஏறலாம். அதே மாடியில் ஓர் உணவகமும் நடக்கிறது. உணவகமும் இலவசக் காட்சியும் ஒரே கூரையில் இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தைப் போக்க இந்த ஓர் உதாரணமே போதும்.

ஆகவே நிபந்தனையின் வாசகம் எப்படி இருக்கவேண்டும் என்பதில்தான் தங்கள் கவனத்தை முக்கியமாகக் கோருகிறோம். "பொதுமக்களுக்கு வசதி செய்து தரப்படும்" என்று ஒரு வரி எழுதினால் கதவோரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். வெளிச்சுவர்க் கண்ணாடியின் மொத்த நீளத்தில் இத்தனை பங்கு பொது மாடத்துக்கு என்று அளவாகவே எழுதவேண்டும்; ஐந்தில் ஒன்று என்பது எங்கள் யோசனை. அது குப்பைத்தொட்டியும் குளிர்சாதன இயந்திரங்களும் தெரியும் பக்கமாக இருந்துவிடக் கூடாது. குறைந்தது இரண்டு திசைகளாவது தெரியவேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்பது அனுமதிக் கடிதத்திலேயே இருக்கவேண்டும். அதில் மாலை நேரமும் வரவேண்டும், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்களால் பகல் பதினோரு மணிக்கு வரமுடியாது. முன்பதிவு வைத்தாலும் பாதி இடம் நேரில் வருபவர்களுக்கு. ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்ற பேச்சே கூடாது. தனியார் விழாவுக்காக மாடத்தை மூடுவதானால் வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு வேண்டும். தரைத்தளத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி, நேரமும் "கட்டணமில்லை" என்ற சொல்லும் எழுதிய பலகை அவசியம். பளபளக்கும் வரவேற்பறையையும் சீருடைக் காவலரையும் தாண்டி உள்ளே நுழைந்து "மேலே போகலாமா?" என்று கேட்கும் துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடாது.

சக்கர நாற்காலியில் வருபவரின் கண் உயரத்தில் கைப்பிடிக் கம்பி குறுக்கே வந்து காட்சியை மறைப்பதும் உண்டு. வரைபடத்தைச் சரிபார்க்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளின் உயரமும் ஏறக்குறைய அதுதான். விளக்கு விஷயமும் இருக்கிறது. இரவில் உள்ளே வெளிச்சம் அதிகமானால் ஜன்னலில் ஊர் தெரியாது, நம் முகம்தான் தெரியும். உணவகக்காரர்கள் இது தெரிந்துதான் விளக்கை மங்கலாக வைக்கிறார்கள். பொது மாடத்துக்கும் அந்த மரியாதை வேண்டும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தக் கவலை நியாயமானதே. மாஸ்கோவின் ஓஸ்டான்கினோ கோபுரத்தில் 2000 ஆகஸ்டில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள்; 300 மீட்டருக்கும் மேலே இருந்த உணவகம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஆனால் படிக்கட்டின் அகலம், புகை நுழையாத வெளியேறும் வழி, ஒரே நேரத்தில் மேலே இருக்கக்கூடியவர்களின் உச்ச எண்ணிக்கை ஆகியவை விருந்து சாப்பிடுபவருக்கும் சும்மா பார்க்க வந்தவருக்கும் ஒன்றுதான். அந்த எண்ணிக்கைக்குள் பொது மாடத்தையும் சேர்த்துத் தீயணைப்புத் துறை சான்று தரட்டும். எண்ணிக்கை நிரம்பினால் கீழே காத்திருக்கச் சொல்லட்டும், காத்திருக்கிறோம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவகத்துக்கென்று உச்சிவரை போகும் லிஃப்ட் எப்படியும் வரத்தான் போகிறது. வரைபட நிலையிலேயே பொது மாடத்தையும் கணக்கில் எடுத்தால் கூடுதல் செலவு பெரும்பாலும் ஊழியர்களுக்கும் பராமரிப்புக்கும்தான். அதற்கு ஈடாகச் சிறிதளவு கூடுதல் தளப்பரப்பு கொடுப்பதா வேண்டாமா என்பது தங்கள் முடிவு. கொடுப்பதானால், மாடம் திறந்து மக்கள் வந்துபோகத் தொடங்கியபிறகே அந்தக் கூடுதல் தளத்துக்குப் பணி நிறைவுச் சான்று தரவேண்டும்.

ஏற்கெனவே நடக்கும் உணவகங்களைப் பொறுத்தவரை எங்கள் கோரிக்கை சிறியது. கட்டி முடித்த இடத்தில் சுவரை இடித்து மாடம் கட்டச் சொல்லவில்லை. இவற்றில் பல மதிய உணவுக்கு முன்பு திறப்பதே இல்லை. காலை முழுவதும் அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் மேசை துடைப்பவரைத் தவிர ஆளில்லை. உரிமம் புதுப்பிக்கும்போது, வாரத்தில் ஒரு காலையாவது பள்ளி மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்துவிடும்படி கேட்டுப் பாருங்கள். அரசு நிலத்திலோ அரசுக் கட்டடத்திலோ குத்தகைக்கு நடப்பவையாக இருந்தால், அடுத்த குத்தகைப் பத்திரத்தில் அதை ஒரு ஷரத்தாகவே சேர்த்துவிடலாம்.

இப்போது பரிசீலனையில் இருக்கும் உயர்மாடி விண்ணப்பங்களிலிருந்தே இதைத் தொடங்கவேண்டும் என்றும், இது குறித்த பொது நிபந்தனை வரைவை இறுதி செய்யும் முன் மக்கள் கருத்துக்கு வெளியிடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். கண்ணாடி நீளத்தை அளப்பது எப்படி, பொது மாடத்துக்குத் தனி வரிசை எங்கே வைப்பது என்பதற்குக் கையால் வரைந்த மாதிரிப் படம் ஒன்றை இணைத்திருக்கிறோம். தங்கள் பொறியாளர்கள் இதைவிட நன்றாக வரைவார்கள். நேரில் அழைத்தால் எங்களில் மூன்று நான்கு பேர் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். மனு கிடைத்ததற்கான ஒப்புகையையும், எந்தப் பிரிவுக்கு இது அனுப்பப்பட்டது என்ற விவரத்தையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள குடியிருப்பாளர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மாதிரிப் படம்.