வெள்ளைத் துணி

அன்புள்ள தம்பி,

நானும் அப்பாவும் நலம். பணம் வந்து சேர்ந்தது. எப்போதும் 28ஆம் தேதி வரும், இந்த முறை 9ஆம் தேதி வந்தது, அதுவும் உன் சிநேகிதன் கணக்கிலிருந்து. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எதிர் வீட்டுக்காரர் மகளுக்கு இங்கே பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆள் குறைப்பில் வேலை போய்விட்டது. தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் 2018லிருந்து அதற்கென்றே காப்புறுதி இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் மனு போட்டால், வேறு வேலை தேடுவதற்குள் சில மாதம் உதவித்தொகை கொடுப்பார்கள். நம் சம்பளத்தில் பிடித்த பணம்தானே, வாங்குவதில் என்ன கூச்சம்? உன் நண்பர்கள் யாருக்காவது உதவும், சொல்லி வை. 60 நாள், மறக்காதே.

1998ல் அப்பாவுக்கு வேலை போனபோது இதெல்லாம் கிடையாது. ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட வருஷம். என் வளையல் அடகுக்குப் போய்த்தான் பள்ளி வேன் வந்தது. பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்மரம் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் அடுப்பு புகையவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்த அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

2021 டிசம்பர் வெள்ளத்தில் நீ ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் மூன்று நாள் சேறு அள்ளினாய். அந்தப் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. ஊருக்கு ஒன்று என்றால் ஓடுகிற பிள்ளை, தனக்கு ஒன்று என்றால் மட்டும் "ஒன்றுமில்லைம்மா." இப்போது போனையும் எடுப்பதில்லை. எனக்குக் கோபம்தான்.

ஆனால் அந்த வார்த்தையை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். இதை இவ்வளவு நாள் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூலையில் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடி, அப்பாவின் வேன் கீழே நின்றபடியே நின்றது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக் கொடி கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்று எங்கும் பேச்சு. அப்பா பழைய வேட்டியைக் கிழித்து பால்கனிக் கம்பியில் கட்டினார். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நான் அவிழ்த்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துணியை மடித்து வைத்தார். அன்று இரவு நீ கூப்பிட்டபோது கோழிக்கறி வைத்தேன் என்றேன். அடுப்பில் இருந்தது கஞ்சி.

மூன்றாம் நாள் அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். சீனி கூடிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். கூடவில்லை தம்பி, குறைந்துவிட்டது. சீனி மருந்தைப் போட்டுக்கொண்டு, எனக்கு மிஞ்சட்டும் என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சத்தம் கேட்டு கீழ் வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்தான் ஓடிவந்து சீனித்தண்ணீர் கொடுத்தார். மறுநாள் அரிசி, முட்டை, சார்டின் டின் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ. எந்த ரயில் என்று மட்டும் சொல். அப்பா பாலம் தாண்டி பட்டர்வொர்த் ஸ்டேஷனில் வேனோடு நிற்பார்.

அம்மா