போய்ச் சேரும் ஊரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய சிறு சுற்றுலா ஊர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எப்போது புறப்படுவது, டயரின் காற்றையும் செயினின் தளர்ச்சியையும் எப்படிச் சரிபார்ப்பது என்றெல்லாம் பொறுப்போடு சொன்ன அக்கட்டுரை, போய்ச் சேரும் ஊரைப் பற்றி மட்டும் ஒரு புகைப்படத்தோடு நிறுத்திக்கொண்டது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால் பயணத் திட்டமே வேறாகத்தான் அமையும்.

ஒரு பகலில் 400 கிலோமீட்டர் ஓட்டிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரம் ஓட்டுபவருக்கு ஊரைப் பார்க்க நேரம் மிஞ்சாது. மிஞ்சியதாக எண்ணித் தங்கினாலோ, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் அவசரத்தில் வண்டியை விரட்டத் தோன்றும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகும்போது, பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் இரு மடங்காக அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத குறுகிய சாலைகளில் இந்தக் கணக்கு மிக முக்கியமானது. போதாததற்கு, எதிர்க்காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவதை ஓட்டுபவர் எளிதில் உணர்வதில்லை. ஆகவே தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தை ஊரில் ஆற அமரச் செலவிடுவதே மேல்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று சத்தம். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2020ஆம் ஆண்டு கோடையில், ராய்ட்டே மாவட்டத்தின் சில மலைச்சாலைகளில், நின்ற நிலையில் அளந்த ஒலி 95 டெசிபலுக்கு மேல் எனப் பதிவாகியுள்ள மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை விதித்தது. சைலன்சரை மாற்றாமல், வாங்கியபடியே ஓட்டியவர்களில் சிலரும் இதில் சிக்கியதால் அங்கே எதிர்ப்பு எழுந்தது. அவர்களுடைய வருத்தம் புரிகிறது. எனினும், டெசிபல் அளவில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதை நினைக்கும்போது, இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் பக்கமே நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அதே நாட்டின் ஹால்ஸ்டாட், ஆயிரம் பேர்கூட வசிக்காத ஏரிக்கரை ஊர். அங்கு வந்து குவியும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் 2023 ஆகஸ்டில் ஊர்மக்களே சாலையை மறித்துப் போராடினார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு பேருந்துகளிலும் கார்களிலும் வந்ததுதான், மோட்டார் சைக்கிள்காரர்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை. ஆனாலும் சந்து வரை நுழைந்துவிடக்கூடியது இருசக்கர வண்டிதான் என்பதால், ஊர் எல்லையிலேயே அதை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து செல்லும் கடமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

எனவே இனி வரும் பயணக் கட்டுரைகளில், வண்டியை ஊருக்கு வெளியே எங்கே நிறுத்தலாம், எந்தத் தெருக்களில் நடந்து மட்டுமே செல்ல வேண்டும், இருட்டுவதற்குமுன் திரும்ப எப்போது கிளம்ப வேண்டும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்