ஞாயிற்றுக்கிழமை ஊழியம்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள மக்களே,

முப்பத்தைந்து வருடம் சென்னையில் இருந்தும், பெற்ற பிள்ளையை "மக்களே" என்று கூப்பிடும் இந்த மார்த்தாண்டத்து விளி என்னை விட்டுப் போகவில்லை. தபாலில் போட்டால் நீ ஊழியம் செய்யும் சபையின் அலுவலகத்தில் பிரித்துப் படிப்பார்கள். அதனால் வாரம் ஒருமுறை அங்கே காய்கறி இறக்கும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் விசுவாசி இல்லை; சபையை விட்டுப்போன என்னோடு பேச அவருக்குத் தடையும் இல்லை. "வண்டி வாடகை மட்டும் ஒரு நாள்கூடத் தவறாது அம்மா" என்று உங்கள் இடத்தைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார்.

அந்த வார்த்தையில் என் மனம் நின்றுவிட்டது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 31 வருடம் சம்பளப் பட்டியல் பார்த்தவள் நான். சபையில் இருந்த ஒன்பது வருடமும் சரக்கு அறை நோட்டு என் கையில்தான் இருந்தது. பந்தல்காரர், கேஸ் ஏஜென்சி, மின்கட்டணம், வெளியூர்ப் பிரசங்கியாருக்கு விமான டிக்கெட் என்று ஒருவருக்கும் பாக்கி வைத்ததில்லை. கன்வென்ஷன் என்ற பெருங்கூட்டம் நடக்கும் நாட்களில் பாத்திரம் தேய்க்க வெளியிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு அன்றன்றே கூலி. அதே அண்டாவின் மறுபக்கத்தைத் தேய்த்த நம் விசுவாசிப் பெண்ணுக்கு ஒரு வசனம். நம்பிக்கை கூடக்கூட வரும்படி குறைகிற இடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இதை அநியாயம் என்று சொல்ல மட்டும் எழுதவில்லை. அநியாயம் என்று சொன்னால், "சிலுவை சுமக்கிறேன்" என்பாய். நான் சொல்ல வந்தது வேறு. இப்படி நடத்துகிற சபை தன் காலையே தான் அரித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் பார்க்கிறவளுக்கு அது தெரியும்.

காசு கொடுக்காத வேலைக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் விரயமும் தெரிவதில்லை. எட்டுப் பேர் நறுக்கக்கூடிய வெங்காயத்துக்கு நாற்பது பேரை விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்வார்கள். போதகர் ஐயா ஜெபித்துத் தொடங்கி வைக்க ஆறு மணியாகும். அதுவரை நாற்பது பேரும் நிற்பார்கள். தொழிற்சாலையில் ஒரு பிரிவு அரைமணி நேரம் சும்மா நின்றால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. அங்கே யார் கேட்பது? தக்காளி அழுகினால் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மனிதர்கள் வாடியதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பியை உனக்கு நினைவிருக்கும். பெரிய மண்டபத்துக்கு முழு வயரிங்கும் அவன் ஒருவனே செய்தது. இரவு நேரத்தில், தன் வேலை முடிந்து வந்து, எட்டு மாதம். அவன் மனைவிக்குப் பிரசவம் நெருங்கியபோது ஒரு மாதம் வர முடியாது என்றான். கர்த்தர்மேல் இருந்த முதல் அன்பை இழந்துவிட்டான் என்று மேடையிலேயே சொன்னார்கள். அவன் போய்விட்டான். அடுத்த கன்வென்ஷனில் இரண்டாம் நாள் இரவு மெயின் போர்டு ட்ரிப் ஆகி மண்டபம் இருண்டது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வரைபடம் அவன் தலைக்குள் இருந்தது. அவனுக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிட வேலை. போடக் கூடாது, விலகிப்போனவனோடு பேச்சு வைக்கக் கூடாது என்பது சட்டம். மூப்பர்கள் இருட்டில் நின்று, பேசலாமா கூடாதா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, மக்களே. சபையை விட்டுப்போகும் எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை வந்து கை தட்டிவிட்டுப் போகிறவருக்கு மேடை மட்டும்தான் தெரியும். இராப்பகலாக உழைக்கிறவனுக்கு மேடைக்குப் பின்னால் உள்ளதெல்லாம் தெரியும். அவனைத்தான் முதலில் களைக்க வைக்கிறார்கள். அவன் போகும்போது தொழிலும் போகிறது, ரகசியமும் போகிறது. அவன் பாரம் மிச்சமிருப்பவர் தலையில் ஏறுகிறது, அவர்களும் சீக்கிரம் களைக்கிறார்கள். சமையல் அக்கா 19 வருடம் அந்த அடுப்படியில் நின்றாள். முழங்கால் போனதும் ஒரு சேலையைக் கொடுத்து, வியாசர்பாடியில் உள்ள தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பி.எஃப். இல்லை, ஒரு ரூபாய் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைய பெண்கள் ஆறு பேர் அடுத்த வருடம் இல்லை. யாரும் அவர்களிடம் போய் உபதேசம் செய்யவில்லை.

என்னோடு வேலை பார்த்தவளின் மகன் வக்கீல். அவன் ஒரு அமெரிக்க வழக்கைச் சொன்னான். டோனி, சூசன் அலமோ தம்பதியின் மத அமைப்பு பெட்ரோல் பங்க், துணிக்கடை, பன்றிப் பண்ணை எல்லாம் நடத்தியது. வேலை செய்த சுமார் 300 பேருக்குச் சம்பளம் கிடையாது. சோறு, துணி, தங்க இடம். அவர்களிலேயே சிலர் நீதிமன்றத்துக்கு வந்து, எங்களுக்குக் கூலி வேண்டாம் என்று சாட்சி சொன்னார்கள். 1985இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சோறும் இடமும் வேறு உருவத்தில் வந்த கூலிதான் என்றது. வேண்டாம் என்பவருக்கு விலக்குக் கொடுத்தால், முதலாளிகள் எல்லோரையும் அப்படிச் சொல்ல வைத்துவிடுவார்கள் என்றது. தீர்ப்பு ஜெபத்தைப் பற்றியதல்ல, வியாபாரத்தைப் பற்றியது. நீ எடிட் செய்கிற வீடியோவில் எண்ணெய்க்கும் காலண்டருக்கும் விலை போட்டிருக்கிறதே, அது எந்தக் கணக்கு?

நம் நாட்டிலும் 1982இல், ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பானது. பசிக்காக ஒத்துக்கொள்வதும் கட்டாயம்தான் என்றார்கள். பரலோகம் கைநழுவிப் போகுமே என்று பயந்து ஒத்துக்கொள்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

ஊழியம் என்ற சொல்லைச் சபையில் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறோம்! என் பாட்டிக்கு அந்தச் சொல் பிடிக்காது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நம் முன்னோர்கள் அரசாங்கத்துக்கும் அரண்மனைக்கும் கூலியில்லாமல் சுமை தூக்கியதற்குப் பெயர்தான் ஊழியம். கர்னல் மன்றோ அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, ரெசிடென்டாக, இருந்த காலத்தில், வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. வேதம் நமக்கு முதலில் கொடுத்தது ஒரு நாள் ஓய்வு. உங்கள் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம்.

சும்மா உழைப்பதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்காதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் நாம் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோமே. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல், வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏன் வரவில்லை என்று எவனும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதும் நீயாகவே மறுபடி போனாய்.

சனிக்கிழமை இரவு உங்கள் வீடியோவைப் பார்ப்பேன், பிரசங்கத்துக்காக இல்லை. பாட்டு முடிந்ததும் ஒரு நொடி கூடுதலாகக் கூரையைக் காட்டிவிட்டு வெட்டுவது உன் கை. சென்ற இரண்டு வாரமாக அந்த ஒரு நொடி இல்லை. வேறு யாரோ செய்கிறார்களா, உனக்கு உடம்பு சரியில்லையா?

இன்னொன்று. பழைய கம்பெனியில் உனக்குப் பி.எஃப். பணம் கிடக்கிறது. அந்தக் கணக்கில் உள்ள போன் எண் என்னுடையது. போன செவ்வாய்க்கிழமை இரவு அதிலிருந்து ஒரு ஓ.டி.பி. வந்தது. கேட்டது நீயா, உன் பெயரில் வேறு யாருமா, தெரியவில்லை. யாருக்கும் நான் சொல்லவில்லை. உனக்கு வேண்டுமென்றால் மறுபடி கேட்கலாம்; ஆனால் நீயே போன் செய்து உன் குரலில் கேட்க வேண்டும். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்
அம்மா